தானியங்கிப் பாலின வகைப்பாடு

தானியங்கிப் பாலின வகைப்பாடு என்பது ஒருவரின் முகப்படம், குரல், பெயர், எழுத்து ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ கொண்டு, அவர் ஆணா பெண்ணா என்பதைக் கணினி தானாகவே கணித்துக் கூறும் செயற்கை நுண்ணறிவு நுட்பம் ஆகும். ஒருவரின் பாலீர்ப்பைக் கணிக்க முயலும் ஆய்வுகளும் இதன் கிளையாகவே கருதப்படுகின்றன. விளம்பரம், கண்காணிப்பு, அடையாளச் சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு எனப் பல துறைகளில் இந்நுட்பம் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. திருநங்கையர், திருநம்பியர், ஊடுபாலினர், தன்பாலீர்ப்பினர் ஆகியோரை இது பிழையாக வகைப்படுத்துவதும், சரியாகக் கணித்தாலும் அவர்களுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதும் இதன் மீதான முதன்மையான விமர்சனங்கள் ஆகும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நாள்தோறும் பதிவேடுகளையும் கருவிகளையும் கடந்து பணிக்குச் செல்லும் திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் இவ்விமர்சனங்கள் வேலை, கூலி, சேமநிதி ஆகியவற்றோடு தொடர்புடையவை.

சொல் வழக்கு

தமிழில் இப்பொருள் குறித்த சொற்கள் அண்மைக் காலத்திலேயே நிலைபெற்றன. முன்பு வழங்கிய இழிசொற்களுக்கும், இடையில் வழங்கிய அரவாணி என்ற சொல்லுக்கும் மாற்றாகத் திருநங்கை என்ற சொல் 2000களின் பிற்பகுதியில் அரசு வழக்கிலும் ஊடக வழக்கிலும் பரவியது. திருநம்பி என்பது பெண்ணாகப் பதிவு செய்யப்பட்டு ஆணாகத் தம்மை உணர்பவரைக் குறிக்கும். இவ்விரு சாராருக்கும் பொதுவான சொல் திருநர் ஆகும். 2021ஆம் ஆண்டு, பாதுகாப்புக் கோரி வந்த தன்பாலீர்ப்பு இணையர் ஒருவரின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை மதிப்புடன் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் தேவையையும் அவ்வழக்கில் எடுத்துக்கொண்டார். அதன் தொடர்ச்சியாக 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒரு சொற்றொகுதியை அரசிதழில் வெளியிட்டது. பாலினம் என்பதையும் பாலீர்ப்பு என்பதையும் வேறுபடுத்திக் கொள்வது இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. முன்னது ஒருவர் தம்மை யாராக உணர்கிறார் என்பது. பின்னது அவர் யார்பால் ஈர்க்கப்படுகிறார் என்பது.

செயல்படும் முறை

இத்தகைய கருவி எதுவும் பாலினத்தை நேரடியாகக் காண்பதில்லை. முதலில் பல்லாயிரம் முகப்படங்கள் திரட்டப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆண் அல்லது பெண் என்ற குறி இடப்படுகின்றது. இக்குறியைப் பெரும்பாலும் படத்தில் உள்ளவர் இடுவதில்லை. படத்தைப் பார்க்கும் வேறொருவர் தம் கண்ணுக்குத் தோன்றியதை இடுகிறார். தாடை, புருவம், முடி, தோல் முதலியவற்றின் அமைப்புக்கும் அக்குறிக்கும் இடையேயான ஒப்புமையைக் கணினி கற்றுக்கொள்கிறது. புதிய படம் ஒன்று தரப்படும்போது, கற்றவற்றுள் எதனோடு மிகுதியாக ஒத்துள்ளது என்பதையே விடையாகத் தருகிறது. பட்டியலில் இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தால், எந்த முகத்தைக் காட்டினாலும் இரண்டில் ஒன்றே விடையாக வரும். "தெரியவில்லை" என்பதும் "இவர் கூறட்டும்" என்பதும் அப்பட்டியலில் இல்லாத விடைகள்.

இத்துறையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் கோலம்ப், லாரன்சு, செய்னோவ்சுகி ஆகியோர் உருவாக்கிய செக்சுநெட் என்னும் நரம்பியல் வலையமைப்பு ஆகும். 45 ஆண்கள், 45 பெண்கள் என 90 முகங்களைக் கொண்டு அது சோதிக்கப்பட்டது. கணினி 8.1 விழுக்காடும் மனிதர்கள் 11.6 விழுக்காடும் பிழை செய்தனர். மனிதரை விடக் கணினி சிறந்தது என்ற பெருமிதம் இங்கேயே தொடங்குகிறது. எது சரி, எது பிழை என்பதை முடிவு செய்த குறி எங்கிருந்து வந்தது என்ற வினா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே உரக்க எழுப்பப்பட்டது.

பிழைகள்

2018ஆம் ஆண்டு சாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர் ஆப்பிரிக்க, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1,270 பேரின் படங்களைக் கொண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகளை ஆராய்ந்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை உயர்ந்தது. இந்திய முகங்களைக் கொண்ட ஆய்வு ஒன்றை 2021இல் கௌரவ் செயின், சுமிருதி பார்சீரா ஆகியோர் வெளியிட்டனர். தேர்தல் வேட்பாளர்கள் 32,000க்கும் மேற்பட்டோரின் படங்கள் இதில் பயன்படுத்தப்பட்டன. இந்தியப் பெண்களை ஆண்கள் எனக் கூறும் பிழை கருவிக்குக் கருவி பெரிதும் வேறுபட்டது.

இவ்விரு ஆய்வுகளும் ஆண், பெண் என்ற இரு கட்டங்களுக்குள் நிகழும் பிழைகளையே அளந்தன. கட்டங்களையே கேள்விக்கு உட்படுத்தியவர் ஓசு கீசு என்னும் ஆய்வாளர். இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளை 2018இல் தொகுத்துப் பார்த்த அவர், பெரும்பாலானவை பாலினத்தை இரண்டே வகையாகவும், மாறாததாகவும், உடலைப் பார்த்து அறியத்தக்கதாகவும் கொண்டுள்ளன எனக் காட்டினார். 2019இல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர், படத்தில் இருப்பவரே தம் பாலினத்தைக் குறிப்பிட்டிருந்த 2,450 படங்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். திருநர் அல்லாத ஆண்களையும் பெண்களையும் கருவிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேலாகச் சரியாகக் கூறின. திருநம்பியரை 38 விழுக்காடு வரை பெண்கள் எனக் கூறின. இரு பாலிலும் அடங்காதோர் அனைவரிடமும் பிழை செய்தன. வேறு விடையே இல்லாத கருவி வேறு எதைக் கூறியிருக்க முடியும்?

வகைப்படுத்தலும் ஒப்புநோக்கலும்

பொதுவழக்கில் குழப்பிக்கொள்ளப்படும் இவ்விரண்டும் வேறு வேறு நுட்பங்கள் ஆகும். வகைப்படுத்தும் கருவி "இவர் எப்பாலினர்" என்று கேட்கிறது. ஒப்புநோக்கும் கருவி "பதிவில் உள்ள படமும் இம்முகமும் ஒருவருடையனவா" என்று மட்டும் கேட்கிறது. பின்னதில் பாலினக் கணிப்பு எதுவும் இல்லை. ஆயினும் இயக்குநீர் மருத்துவம் பெறும் திருநரின் முகம் சில ஆண்டுகளில் மாறுவதால், பழைய படத்தோடு அது பொருந்தாமல் போவதுண்டு. 2018இல் அமெரிக்காவில் ஊபர் செயலியின் முகச் சரிபார்ப்பில் தேறாத திருநர் ஓட்டுநர்கள் சிலரின் கணக்குகள் முடக்கப்பட்டு அவர்கள் வருவாய் இழந்தது செய்தியானது.

திருப்பூர்ப் பகுதியில்

2009ஆம் ஆண்டு தனி மாவட்டத்தின் தலைநகரான திருப்பூர், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் நகரம் ஆகும். கணினி வருவதற்கு முன்பிருந்தே பாலினத்தால் பிரிக்கப்பட்ட தொழில் இது. தைக்கப்படும் ஆடை ஆண்களுக்கு, பெண்களுக்கு, குழந்தைகளுக்கு எனப் பிரிகிறது. வேலையும் அவ்வாறே. கட்டிங்கும் அயர்னிங்கும் பெரும்பாலும் ஆண்களுக்கும், கைமடி, செக்கிங், டேமேஜ் பார்த்தல் ஆகியன பெரும்பாலும் பெண்களுக்கும் உரியனவாக இருந்து வந்துள்ளன. இப்பிரிவு இயற்கையானது அன்று. முன்னர் ஆண்களின் வேலையாக இருந்த தையல், ஏற்றுமதி பெருகிய காலத்தில் பெண்களுக்கும் உரியதானதை சரத் சாரி 2004இல் வெளியான தமது திருப்பூர் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். வெளியூர்த் தொழிலாளர் தங்கும் விடுதிகளும் கழிப்பறைகளும் இரண்டாகவே பிரிந்துள்ளன. இவற்றுள் எதில் திருநங்கை சேர்வார் என்பதை நெடுங்காலம் மேற்பார்வையாளரின் கண்ணே முடிவு செய்து வந்தது. 2021இல் தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு அறிவிக்கப்பட்ட கட்டணமில்லாப் பயணம் அவ்வாண்டிலேயே திருநருக்கும் விரிவாக்கப்பட்டபோது, காலைப் பேருந்தில் நடத்துநரின் கண்ணும் இவ்வகைப்பாட்டில் ஒரு பங்கு பெற்றது எனலாம்.

இப்பணி இன்று கண்ணிலிருந்து பதிவேட்டுக்கு மாறி வருகிறது. வேலைக்குச் சேர்பவரின் ஆதார் எண் பெறப்பட்டு, அதனடிப்படையில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கப்படுகிறது. பெயர், பிறந்த நாள், பாலினம் ஆகிய மூன்றும் இரு பதிவுகளிலும் ஒத்திருத்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், புதிய உறுப்பினருக்கான பொதுக் கணக்கு எண் உமங் செயலியில் ஆதார் முகச் சரிபார்ப்பு வழியே உருவாக்கப்பட வேண்டும் என வைப்பு நிதி நிறுவனம் விதித்தது. வீட்டை விட்டு வெளியேறித் தொழில் நகருக்கு வரும் திருநங்கை ஒருவரின் பள்ளிச் சான்றிதழில் ஆண் பெயரும், ஆதாரில் பல ஆண்டுகளுக்கு முந்தைய முகமும் இருப்பது வியப்பன்று. அவருடைய உழைப்பில் எவ்வேறுபாடும் இல்லாதபோதும், அவருடைய பெயரில் கட்டப்பட்ட பணம் அவருக்குக் கிடைக்குமா என்பது அந்த மூன்று கட்டங்களைப் பொறுத்ததாகி விடுகிறது.

ஆதார் பதிவில் தொடக்கம் முதலே ஆண், பெண், திருநர் என மூன்று விடைகள் உண்டு. பல நாடுகளின் பதிவேடுகளை நோக்க இது முன்னேற்றமே. எனினும், ஆதார் ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி பாலினத்தை ஒரு முறை மட்டுமே இயல்பான வழியில் மாற்ற இயலும். மறுமுறை மாற்ற மண்டல அலுவலகத்தை அணுக வேண்டும். அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டமோ இரண்டு படிகளை வகுத்தது. முதலில் மாவட்ட ஆட்சியரிடம் திருநர் எனச் சான்று பெறலாம். அறுவை மருத்துவத்துக்குப் பின், ஆண் அல்லது பெண் எனத் திருத்திய சான்று பெறலாம். சட்டம் இரண்டு படிகளைக் காட்ட, தரவுத்தளம் ஒரு படிக்கே இடம் தந்தது. முதற்படியிலேயே ஆதாரைத் திருத்திய ஒருவர், இரண்டாம் படிக்கு வரும்போது அந்த ஒரு வாய்ப்பையும் செலவழித்திருப்பார்.

ஆதாரைத் திருத்தினால் வைப்பு நிதிப் பதிவையும் திருத்த வேண்டும். முன்பு இதற்கு முதலாளியின் சான்று கட்டாயமாக இருந்தது. 2025 சனவரியில் இம்முறை எளிதாக்கப்பட்டது. 2017 அக்டோபர் 1க்குப் பின் வழங்கப்பட்டு ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட கணக்குகளில் உறுப்பினரே பெயர், பாலினம் ஆகியவற்றை இணையவழி திருத்திக்கொள்ள வகை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய கணக்குகளுக்கு முதலாளியின் துணை தேவைப்பட்டது. ஓர் ஆண்டில் இரண்டு மூன்று பனியன் கம்பெனிகளுக்கு மாறும் வழக்கமுள்ள தொழிலில் பழைய முதலாளியைத் தேடிச் செல்வது எளிதன்று. சென்றால், தாம் யார் என்பதை அவரிடம் விளக்கவும் வேண்டும்.

பாலீர்ப்பைக் கணித்தல்

2017இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிலுன் வாங், மைக்கேல் கொசின்சுகி ஆகியோர், முகப்படத்தைக் கொண்டு ஒருவர் தன்பாலீர்ப்பினரா என்பதைக் கணினியால் கணிக்க முடியும் என அறிவித்தனர். துணை தேடும் தளம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட 35,326 படங்கள் இதற்குப் பயன்படுத்தப்பட்டன. ஒரு படத்தைக் கொண்டு ஆண்களில் 81 விழுக்காடும், பெண்களில் 71 விழுக்காடும் சரியாகக் கணித்ததாகக் கூறப்பட்டது. இது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பின்னர் வந்த மறுப்புகள், கருவி கண்டது முகத்தின் அமைப்பை அன்று, கண்ணாடி, ஒப்பனை, தாடி, படம் எடுத்த கோணம் போன்ற பழக்கங்களையே என வாதிட்டன.

81 விழுக்காடு என்ற எண் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. தன்பாலீர்ப்பினர் ஒருவர், அவ்வாறல்லாதவர் ஒருவர் என இருவரின் படங்களை அருகருகே வைத்து, யார் எவர் எனக் கேட்டபோது கிடைத்த விடை அது. தொழிற்சாலை வாயிலில் இருவர் இருவராக வைத்துக் கேட்க முடியாது. எடுத்துக்காட்டாக, 1,000 பேர் பணிபுரியும் ஓரிடத்தில் 50 பேர் தன்பாலீர்ப்பினர் எனவும், நூற்றுக்கு இருபது பிழை செய்யும் கருவி ஒன்று அங்குள்ளது எனவும் கொள்வோம். அது 50 பேரில் 40 பேரைச் சரியாகச் சுட்டும். மீதமுள்ள 950 பேரில் 190 பேரைத் தவறாகச் சுட்டும். சுட்டப்பட்ட 230 பேரில் 190 பேர் தவறாகச் சுட்டப்பட்டவர்கள். இந்தப் பிழையை விட அஞ்சத்தக்கது சரியாகச் சுட்டப்பட்ட 40 பேரின் நிலை. பாலின அடையாளத்தைப் பலர் பதிவேட்டில் ஏற்கச் செய்ய விரும்புகின்றனர். பாலீர்ப்பையோ எப்பதிவேட்டிலும் இடம்பெறாமல் காப்பதே பலரின் விருப்பம். விடுதி அறையைப் பகிர்ந்து வாழும் வெளியூர்த் தொழிலாளருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

தமிழ் மொழியும் கணினியும்

தமிழ் வினைமுற்று பாலைக் காட்டுவது. வந்தான், வந்தாள், வந்தார் என மூன்றுள் ஒன்றைத் தேராமல் வேற்றுமொழி வாக்கியத்தைத் தமிழாக்க இயலாது. மறுதலையாக, "அவர்" என்னும் சொல் பால் காட்டாது நிற்க, அதை ஆங்கிலமாக்கும் கருவி அவர் செய்யும் தொழிலைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ ஊகிக்க நேர்கிறது. கூகுள் நிறுவனம் 2018இல் துருக்கியம் முதலிய சில மொழிகளுக்கு இரு விடைகளையும் காட்டும் முறையைக் கொண்டுவந்தது.

இச்சிக்கல் தமிழ் இலக்கணிகளுக்குப் புதியதன்று. பேடியைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு இல்லை, அது உயர்திணை ஈறுகளையே ஏற்கும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் ஒரு படி மேலே செல்கிறது. பெண்மையை விடுத்து ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விடுத்துப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலிலும் அது சேர்க்கிறது. அதாவது உடலை நோக்காது விருப்பை நோக்கியே பால் கொள்ளப்படுகிறது. அதே நூற்பா இவர்கள் அஃறிணை போலவும் வரலாம் என்று முடிவதையும் மறைத்தல் கூடாது. நன்னூலாசிரியர் பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்போரும் உளர். அவ்வூர் திருப்பூருக்கு அண்மையிலேயே உள்ளது.

இழிசொற்களைக் கண்டறியக் கணினியைப் பழக்கும் முயற்சிகளும் தமிழில் நடந்துள்ளன. 2021இல் பாரதி ராசா சக்கரவர்த்தி முதலியோர், யூடியூப் மறுமொழிகள் 15,141ஐத் தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்த நடை ஆகியவற்றில் திரட்டி, தன்பாலீர்ப்பினர் மீதான வெறுப்பு, திருநர் மீதான வெறுப்பு, இவை இல்லாதவை என வகைப்படுத்தி வெளியிட்டனர். இதனைக் கொண்டு 2022இல் ஆய்வாளர்களுக்கு இடையே ஒரு பொதுப்போட்டியும் நடத்தப்பட்டது. இப்பணியின் கடுமைக்கு ஒன்பது என்ற சொல்லே சான்று. எண்ணாகவும் வசையாகவும் வழங்கும் இச்சொல்லைக் கருவி விலக்கினால் கணக்குச் சொல்பவர் வாய் அடைபடும். விலக்காவிட்டால் வசை நிலைக்கும். மேலும், திருநர் தங்களுக்குள் உரிமையோடு வழங்கும் சொற்களையும் பிறர் ஏளனமாக வழங்கும் சொற்களையும் எழுத்தளவில் வேறுபடுத்துவது மனிதருக்கே அரிது.

நிறுவனங்களின் நிலைப்பாடு

விமர்சனங்களைத் தொடர்ந்து கூகுள் நிறுவனம் 2020இல் தன் பட ஆய்வுச் சேவையில் ஆண், பெண் என்ற குறிகளை நீக்கி, "நபர்" என்று மட்டும் காட்டத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022இல் தன் முகச் சேவையிலிருந்து பாலினக் கணிப்பை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அமேசான் நிறுவனம் தன் கருவியின் விடை படத்திலுள்ள தோற்றத்தை மட்டுமே குறிக்கும், பாலின அடையாளத்தை முடிவு செய்ய அதைப் பயன்படுத்தலாகாது எனத் தன் ஆவணங்களில் குறிப்பிட்டது. பெரு நிறுவனங்கள் விலகினாலும், இலவசமாகக் கிடைக்கும் நிரல்களைக் கொண்டு எவரும் இதனை உருவாக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கு மட்டுமான கிகிள் என்னும் செயலி, முகப்படத்தைக் கொண்டு உறுப்பினரைச் சேர்த்தது. திருநங்கை ஒருவரைக் கருவி பெண் என ஏற்றது. பின்னர் செயலியை நடத்தியோர் அவரை நீக்கினர். 2024 ஆகஸ்டில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் இது மறைமுகப் பாகுபாடு எனத் தீர்ப்பளித்தது. கருவி ஏற்றவரை மனிதர் விலக்கிய நிகழ்வாக இது குறிப்பிடத்தக்கது.

சட்டம்

தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15 அன்று இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநர் நலனுக்கென ஒரு வாரியம் அமைத்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத "பிறர்" எனப் பதிவானோர் இந்தியாவில் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். கணக்கெடுப்பவரிடம் தம்மை வெளிப்படுத்திக்கொண்டவர் மட்டுமே இவ்வெண்ணில் உள்ளனர். 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், பாலினத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமை திருநருக்கு உண்டு எனவும், அதற்கு அறுவை மருத்துவத்தை வலியுறுத்துவது சட்டத்துக்கு மாறானது எனவும் தீர்ப்பளித்தது. பிறரது கண்ணோ கருவியோ பாலினத்தை முடிவு செய்யும் முறையோடு இத்தீர்ப்பின் அடிப்படை நேராக முரண்படுகிறது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற பால் மாற்று அறுவை செய்வதைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது.

பாலீர்ப்பு தனியுரிமையின் இன்றியமையாப் பகுதி என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறியது. அடுத்த ஆண்டு தன்பாலீர்ப்பு உறவு குற்றமன்று என்ற தீர்ப்பும் வந்தது. தனித்தரவுப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டு சட்ட முன்வரைவு, பாலீர்ப்பு, திருநர் நிலை, ஊடுபால் நிலை, உடற்கூற்றுத் தரவு ஆகியவற்றைக் கூடுதல் காப்புக்குரிய தரவுகளாகப் பட்டியலிட்டிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அப்பட்டியல் இடம்பெறவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், உடற்கூற்றுத் தரவைக் கொண்டு ஒருவரின் பாலீர்ப்பை ஊகிக்கும் கருவிகளைத் தடை செய்கிறது. தடை 2025 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சங்க உறுப்பினரா என்பதை ஊகிக்கும் கருவிகளும் அதே விதியில் தடை செய்யப்பட்டுள்ளன. முகத்தைக் கொண்டு ஆண், பெண் எனப் பிரிப்பது இத்தடையில் அடங்கவில்லை. ஐரோப்பா திருப்பூர்ப் பின்னலாடையின் முதன்மைச் சந்தைகளுள் ஒன்று. எனினும் அச்சட்டம் ஒன்றியத்துக்குள் விற்கப்படும், பயன்படுத்தப்படும் கருவிகளையே கட்டுப்படுத்துகிறது. அங்கு விற்கப்படும் ஆடையைத் தைக்கும் தொழிற்சாலையின் வாயிலில் பொருத்தப்பட்ட கருவியை அன்று.